பழைய டிவி காமெடி டிஸ்க் மக்கர் பண்ணினால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொல்லி நான் திருப்பி அனுப்பிய டிவிடி பெட்டிகளில் இரண்டு நன்றாகத்தான் இருந்தன. ஒன்றில் வெளிப்புறக் காட்சி வந்தாலே படம் மங்கியது. இன்னொன்றில் அட்டையில் போட்டிருந்த சப்டைட்டில் வரவே இல்லை. இரண்டுமே டிஸ்க்கின் குற்றம் இல்லை என்று எனக்குப் புரிய வருஷக்கணக்கானது, அதற்குள் பெட்டிகள் கைவிட்டுப் போய்விட்டன, அதில் ஒன்று இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை.

கோளாறு நாலு இடத்தில் இருக்கலாம். டிஸ்க்கில், பிளேயரில், டிவியில், அதுவும் இல்லையென்றால் அந்த நிகழ்ச்சியை எடுத்த விதத்திலேயே. நாலாவதை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் பழைய பிரிட்டிஷ், அமெரிக்க காமெடித் தொடர்களைச் சேர்க்கிற நம்மைப் போன்றவர்களுக்குப் பாதி தலைவலி அங்கிருந்துதான் வருகிறது. கீழே உங்கள் வீட்டில் என்ன தெரிகிறதோ அதைத் தேடிப் படியுங்கள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

போட்டதும் 'ரீஜன் தவறு' என்று சொல்லி நின்றுவிடுகிறது

எந்தப் பகுதியில் விற்ற பிளேயரில் ஓட வேண்டும் என்று டிஸ்க்கில் போடும் பூட்டுதான் ரீஜன். டிவிடியில் அமெரிக்கா 1, பிரிட்டன் 2, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5. சிங்கப்பூர், மலேசியாவில் வாங்கியது 3 ஆக இருக்கும். அட்டையின் பின்பக்கம் ஒரு குட்டி உலக உருண்டைக்குள் எண் போட்டிருப்பார்கள், வாங்கும்போதே அதைப் பாருங்கள். நம்மூரில் விற்ற சாதாரண டிவிடி பிளேயர்கள் பலவற்றில் ரிமோட்டில் சில எண்களை வரிசையாகத் தட்டினால் ஒளிந்திருக்கும் ஒரு மெனு திறக்கும், அங்கே ரீஜனை 0 ஆக்கலாம். மாடலுக்கு மாடல் எண் மாறும், உங்கள் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். 0 வைத்தும் சில அமெரிக்க டிஸ்க்குகள் முரண்டு பிடிக்கும். பிளேயர் எல்லா ரீஜனையும் ஏற்கிறதா என்று அந்த டிஸ்க்கே சோதித்துப் பார்க்கும். அப்போது 0 வேண்டாம், 1 என்றே வைத்துப் போடுங்கள்.

கம்ப்யூட்டர் டிரைவில் மட்டும் கை பரபரக்கக் கூடாது. ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவது முறை வைத்தது அப்படியே உறைந்துவிடும், அப்புறம் விண்டோஸை அழித்துப் போட்டாலும் மாறாது, ஏனென்றால் அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருள் சில டிரைவ்களில் ரீஜனைக் கண்டுகொள்ளாமல் ஓட்டும், சிலவற்றில் ஓட்டாது. நான் யுஎஸ்பி டிரைவ் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்றின் தலையில் ஸ்கெட்ச் பேனாவால் 1, இன்னொன்றில் 2. ப்ளூரே என்றால் கணக்கு வேறு, அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. அந்த பிளேயர்களை ரிமோட் தட்டி ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை, எல்லா ரீஜனுக்கும் மாற்றியமைத்து விற்பதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

படம் கறுப்பு வெள்ளையாக உருள்கிறது, அல்லது வெட்டி வெட்டிப் போகிறது

இது பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி சிக்னல் முறைகளின் சண்டை. நமக்கும் பிரிட்டனுக்கும் பால், நொடிக்கு 25 படம், 576 கோடு. அமெரிக்காவுக்கு என்டிஎஸ்சி, நொடிக்கு ஏறக்குறைய 30 படம், 480 கோடு. பழைய டப்பா டிவி பால் மட்டும் தெரிந்ததாக இருந்தால் அமெரிக்க டிஸ்க் கலர் இல்லாமல் உருளும். இப்போதைய எல்இடி டிவியில் உருளாது. ஆனால் பிளேயரின் செட்டப் மெனுவில் டிவி வகை 'பால்' என்று யாரோ வைத்திருப்பார்கள், பிளேயர் அமெரிக்கப் படத்தை வலுக்கட்டாயமாக பாலுக்கு மாற்றித் தள்ளும், ஆள் அறையைக் கடந்து நடந்தால் திக்கித் திக்கி நடப்பார். 'ஆட்டோ' அல்லது 'மல்ட்டி' என்று மாற்றுங்கள். அவ்வளவுதான்.

எல்லோரும் கொஞ்சம் அவசரமாகப் பேசுகிறார்கள், பாட்டில் சுருதி ஏறியிருக்கிறது

காது சரியாகத்தான் இருக்கிறது. 'ஐ லவ் லூசி' மாதிரி ஃபிலிமில் எடுத்த அமெரிக்கத் தொடர்கள் நொடிக்கு 24 படம். பால் டிஸ்க்கில் அதை 25 ஆக ஓட்டிவிடுவார்கள், 4 சதவீதம் வேகம் கூடும். 25 நிமிஷ எபிசோடு 24 நிமிஷத்தில் முடிந்துவிடும், சுருதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக மேலே போகும். பேச்சில் பலருக்குத் தெரியாது. அந்தத் தொடரில் நடித்த டெசி ஆர்னஸ் கொட்டு மேளத்தோடு பாட ஆரம்பித்ததும், கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு உறுத்த ஆரம்பிக்கும். என் வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான், 'இந்த ஆள் போன தடவை இவ்வளவு மேலே பாடலையே' என்றார்.

வீடியோ டேப்பில் எடுத்த அமெரிக்கத் தொடர் என்றால் வேகம் கூடாது, அதற்குப் பதில் பால் டிஸ்க்கில் அசைகிற இடத்தில் எல்லாம் பின்னாலேயே ஒரு நிழல் வரும். பிரிட்டிஷ் தொடரின் அமெரிக்க டிஸ்க்கிலும் இதே நிழல்தான், கூடவே படம் கொஞ்சம் நைந்துபோயும் இருக்கும். பிளேயரில் எந்த பட்டனை அழுத்தியும் இதைத் தீர்க்க முடியாது, டிஸ்க்கிலேயே அப்படிப் பதிந்துவிட்டது. அதனால்தான் யார் கேட்டாலும் ஒன்றே ஒன்று சொல்வேன். தொடர் பிறந்த ஊர் டிஸ்க்கை வாங்குங்கள், அமெரிக்கத் தொடருக்கு ரீஜன் 1, பிரிட்டிஷ் தொடருக்கு ரீஜன் 2. தபால் செலவு கூடும், பரவாயில்லை.

ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள்

டிவி 16:9, நிகழ்ச்சி 4:3. ரிமோட்டில் 4:3 வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். 'பணம் கொடுத்து வாங்கிய டிவி, முழுசும் படம் தெரிய வேண்டும்' என்று வீட்டில் சொல்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை, அவர்கள் தூங்கப் போனபின் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் கை அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடு

டேப்பில் எடுத்த நிகழ்ச்சி ஒற்றைப்படைக் கோடு ஒரு முறை, இரட்டைப்படைக் கோடு ஒரு முறை என்று பிரித்துப் பதிவானது. விஎல்சியில் வீடியோ மெனுவுக்குப் போய், பிரிந்த கோடுகளைச் சேர்க்கும் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, வகையில் 'யாடிஃப் 2எக்ஸ்' தேர்ந்தெடுங்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் வழுவழுப்பாக ஓடும்.

வெளியே போனால் படம் மங்கி, புள்ளி புள்ளியாக ஆகிறது

நான் ஏமாந்த இடம் இது. 1970களில் பிபிசி தொடர்களை ஸ்டுடியோவுக்குள் வீடியோ கேமராவிலும், தெருவில் 16 எம்எம் ஃபிலிமிலும் எடுத்தார்கள். 'ஃபால்டி டவர்ஸ்' ஓட்டலுக்குள் எல்லாம் பளிச்சென்று இருக்கும், ஓட்டல் முதலாளி பேசில் ஓடிப்போய் மரக்கிளையை ஒடித்து வந்து நின்றுபோன சிவப்பு ஆஸ்டின் காரை விளாசுகிற காட்சி வந்ததும் நிறம் செத்து, துகள் துகளாகத் தெரியும், அசைவும் வேறு மாதிரி இருக்கும். டிஸ்க்கைத் துடைக்காதீர்கள். டிவி செட்டிங்கையும் தொடாதீர்கள், அதற்கு ஏற்ற மாதிரி பிரைட்னஸைக் கூட்டினால் உள்ளே வந்ததும் பேசிலாக நடித்த ஜான் கிளீஸின் முகம் வெளுத்துப்போகும். 1975இல் வீட்டில் டிவி பார்த்தவர்களுக்கும் இப்படித்தான் தெரிந்தது.

ப்ளூரே வாங்கியும் டிவிடி போலவே இருக்கிறதே என்பதற்கும் இதுதான் பதில். 'ஐ லவ் லூசி' 35 எம்எம் ஃபிலிமில் மூன்று கேமரா வைத்து எடுத்தது, அதில் இன்னும் தோண்டி எடுக்க விஷயம் இருக்கிறது, ப்ளூரேயில் லூசியின் சட்டைத் துணியின் நெசவு வரை தெரியும். பிரிட்டனில் டேப்பில் எடுத்ததற்கு 576 கோடுதான் மொத்தச் சொத்து, எந்தத் தட்டில் பரிமாறினாலும் சோறு அதேதான்.

எபிசோடு குறைகிறது, பெட்டி முழுசாக இல்லையோ?

விற்றவரோடு சண்டைக்குப் போகும் முன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். 'ஃபால்டி டவர்ஸ்' 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே 12. 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' 1977 முதல் 1979 வரை 29, பிறகு 1986இல் தனியாக 13 வந்தது. பெட்டியில் 29 இருந்தால் முதல் மூன்று சீரிஸும் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். 'மிஸ்டர் பீன்' பழைய பட்டியல்களில் 14 என்று இருக்கும், பெட்டியில் 15 இருக்கும், அந்தக் கூடுதல் ஒன்று முடிவெட்டும் கடைக் கதை, முதலில் வீடியோ கேசட்டுக்காக மட்டும் வந்தது.

'டாட்ஸ் ஆர்மி' கதைதான் இதில் பெரியது. 1968 முதல் 1977 வரை மொத்தம் 80 எபிசோடு. டேப் விலை அதிகம், மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு, அதனால் அந்தக் காலத்து பிபிசி பழைய டேப்பை அழித்து மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தது. இரண்டாவது சீரிஸில் மூன்று எபிசோடு அப்படிப் போனது போனதுதான். அதே சீரிஸில் காணாமல் போயிருந்த வேறு இரண்டு 2001இல் கிடைத்தன. மூன்றில் ஒன்றான 'எ ஸ்ட்ரைப் ஃபார் ஃப்ரேசர்' ஒலி மட்டும் கிடைத்து, 2016இல் அதற்கு அனிமேஷன் செய்து வெளியிட்டார்கள். ஆக, முழுப் பெட்டியில் 77 இருந்தால் அது முழுப் பெட்டி.

அதே தொடரில் 'ரூம் அட் தி பாட்டம்' என்று ஒரு எபிசோடு கலர் சீரிஸின் நடுவே பழைய பதிப்புகளில் கறுப்பு வெள்ளையாக நிற்கும். கலர் டேப் அழிந்துவிட்டது, வெளிநாட்டுக்கு விற்க எடுத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதிதான் மிஞ்சியது. டிவி திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்து எடுத்த பிரதி அது. திரையில் கலர் சிக்னல் மெல்லிய புள்ளிக் கோலமாகத் தெரிந்திருக்கிறது, அந்தப் புள்ளிகள் ஃபிலிமிலும் பதிந்துவிட்டன. பல வருஷம் அழுக்கு என்று எல்லோரும் நினைத்த அந்தப் புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிறத்தை மீட்டு, 2008இல் அந்த எபிசோடைக் கலரிலேயே ஒளிபரப்பினார்கள். உங்கள் கையில் இருப்பது கறுப்பு வெள்ளையாக வந்தால் டிவி கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகாதீர்கள், அது பழைய பதிப்பு.

டைட்டில் பாட்டு வேறாக இருக்கிறது, நடுவில் வரும் பாட்டும் மாறிவிட்டது

பாட்டு உரிமை. டிவியில் ஓட்ட வாங்கிய உரிமை வீட்டு வீடியோவுக்குச் செல்லாது, மறுபடி பணம் கட்ட வேண்டும், கட்ட மனமில்லாவிட்டால் வேறு ஏதோ ஒரு பொம்மை இசையைப் போட்டுவிடுவார்கள். 'மேரீட் வித் சில்ட்ரன்' மூன்றாவது சீசன் டிவிடியிலிருந்து ஃபிராங்க் சினாட்ரா பாடிய டைட்டில் பாட்டு போய்விட்டது. அதிகம் அடிபட்டது 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி'. ரேடியோ ஸ்டேஷனில் நடக்கிற கதை, ராக் பாட்டு இல்லாமல் அது இல்லை. 2007இல் வந்த முதல் சீசன் டிவிடியில் பாட்டுகளைப் பிடுங்கிவிட்டார்கள், சில இடத்தில் பாட்டோடு வசனமும் போனது. 2014இல் இன்னொரு நிறுவனம் முழுத் தொடரையும் பெரும்பாலான பாட்டுகளோடு கொண்டுவந்தது. பழையதைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏன் பாதி விலை என்று இப்போது தெரிந்திருக்கும்.

'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' மலிவு டிஸ்க்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. முதல் சீசன் முழுக்க, இரண்டாவதில் கொஞ்சம், காப்புரிமை புதுப்பிக்காமல் விட்டதால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆனது, ஆனால் பாட்டின் உரிமை உயிரோடு இருக்கிறது. அதனால் எபிசோடு இலவசம், டைட்டில் பாட்டு மட்டும் இல்லை. படமும் பல தடவை பிரதி எடுத்த பிரதிதான். மெய்யான பாட்டு வேண்டுமென்றால் உரிமைக்காரர்கள் வெளியிட்ட பெட்டியை வாங்க வேண்டும்.

'ஐ லவ் லூசி'யில் சாட்டின் துணிமேல் இதயம் வருவதுதான் அசல் தொடக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மறுஒளிபரப்புக்காகப் பின்னால் செய்தது. முதலில் ஓடியது சிகரெட் கம்பெனி விளம்பரத்தோடு சேர்ந்த குட்டிக் கார்ட்டூன். அதிகாரபூர்வ டிவிடிகளில் அந்தப் பழையதையும் சேர்த்திருக்கிறார்கள், மெனுவில் தோண்டிப் பாருங்கள்.

சிரிப்புச் சத்தம் வரவில்லை, சப்டைட்டில் வரவில்லை

'மாஷ்' என்றால் ஆடியோ மெனுவுக்குப் போங்கள். சிரிப்போடு, சிரிப்பில்லாமல் என்று இரண்டு தடம் இருக்கும், பிளேயர் எதைப் பிடித்துக்கொண்டதோ அதுதான் ஓடும். பிபிசி அந்தத் தொடரைச் சிரிப்பில்லாமல்தான் ஓட்டியது. ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்டால் திரும்பச் சிரிப்பைப் போட மனசு வராது, என் கருத்து இது.

சப்டைட்டில் விஷயம்: அமெரிக்க அட்டையில் சிசி என்று இருந்தால் அது நாம் நினைக்கிற சப்டைட்டில் இல்லை. டிவி சிக்னலின் ஒரு கோட்டில் ஒளித்து அனுப்பும் எழுத்து, அமெரிக்க டிவிதான் அதைப் படிக்கும், எச்டிஎம்ஐ கேபிளில் அது வந்து சேராது. டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டு விஎல்சியில் சப்டைட்டில் பட்டியலைத் திறந்தால் 'குளோஸ்டு கேப்ஷன்ஸ் 1' என்று நிற்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். நான் திருப்பி அனுப்பிய இரண்டாவது பெட்டிக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது.

காட்சி எங்கோ வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறது

நேரத்தைப் பாருங்கள். 1950களின் அரை மணி நேர அமெரிக்கத் தொடர் விளம்பரம் போக 25, 26 நிமிஷம் ஓடும். 22 தான் ஓடுகிறது என்றால், மறுஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடம் பண்ண நறுக்கிய பிரதியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பால் டிஸ்க் என்றால் ஒரு நிமிஷம் குறைவது வேகத்தால், அதை வெட்டு என்று எண்ணிவிடாதீர்கள். பிபிசியில் விளம்பரமே கிடையாது, எபிசோடு அரை மணியைத் தொடும்.

கட்டம் கட்டமாக உடைகிறது, நடுவில் நிற்கிறது

எப்போதும் ஒரே இடத்தில் அரை நொடி நின்று தானே போய்விட்டால் அது கோளாறே இல்லை, டிஸ்க்கில் இரண்டு அடுக்கு இருக்கிறது, லேசர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. கட்டமாக உடைந்து சிக்கிக்கொண்டால் முதலில் துடையுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், மெத்தென்ற துணியால். வேட்டி முனையால் வட்டமாகச் சுற்றித் துடைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், வட்டக் கீறல் தரவின் பாதையிலேயே நீளமாக ஓடும், குறுக்குக் கீறலை பிளேயர் சமாளித்துவிடும். பற்பசை தேய்க்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இன்னொரு பிளேயரிலும் அதே இடத்தில் நின்றால் கோளாறு டிஸ்க்கில். இரண்டு பக்கமும் படம் இருக்கும் டிஸ்க்குகள், லேபிளே இல்லாமல் நடுவளையத்தில் மட்டும் பொடி எழுத்து இருக்குமே அவை, இதில் மோசம். சிலவற்றில் பக்கத்துக்கு இரண்டு அடுக்கு என்று நாலு அடுக்கையும் 1.2 மில்லிமீட்டருக்குள் ஒட்டியிருப்பார்கள். பசை விட்டால் கதை முடிந்தது. கீறலே இல்லாத, கண்ணாடி மாதிரி பளபளக்கிற டிஸ்க் கடைசி இரண்டு எபிசோடில் சிக்குகிறதென்றால் இதைத்தான் சந்தேகிப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். விளிம்பிலிருந்து உள்ளே மேகம் மாதிரி கறை பரவியிருந்தாலோ, ஊசிக் குத்து மாதிரி வெளிச்சம் கசிந்தாலோ எந்தத் துணியும் உதவாது. அதே பெட்டியின் பிற்காலப் பதிப்பில் ஒருபக்க டிஸ்க்காக மாற்றியிருந்தால் அதை வாங்குங்கள்.

நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை பழைய பெட்டி ஒன்று வந்தது, நாலு டிஸ்க்கில் மூன்றில் முடி மாதிரி விரிசல், யாரோ விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தே பழகியிருக்கிறார்கள். பெட்டியின் நடுக்குமிழை ஒரு விரலால் அழுத்திக்கொண்டுதான் டிஸ்க்கைத் தூக்க வேண்டும், அழுத்தினால் பல் உள்ளே மடங்கி, டிஸ்க் தானே மேலே வரும். விரிசல் விட்டதைக் கம்ப்யூட்டர் டிரைவில் போடாதீர்கள், அந்த வேகத்தில் உள்ளேயே தெறித்துவிடும். நிறைய டிஸ்க் வரும் தடித்த பெட்டிகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தால் தனித்தனி உறையில் மாற்றிவிடுங்கள், பெட்டியின் அழகு போனால் போகட்டும்.

டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதாவாக இருந்தால் அது அச்சடித்ததில்லை, எழுதியது. ஆர்டர் வந்தபின் எழுதி அனுப்பும் நிறுவன வெளியீடுகளும் உண்டு, அதனால் ஊதா என்றாலே கள்ளப் பிரதி என்று முடிவு கட்ட வேண்டாம். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், சாயம் வெளுத்தால் படமும் போகும்.

வீடியோ கேசட்: டெக்கில் (விசிஆரில்) போட்டால் மேலும் கீழும் கோடு, அல்லது ஒன்றுமே தெரியவில்லை

கோடு என்றால் முதலில் டெக்கில் உள்ள ட்ராக்கிங் குமிழைத் திருகுங்கள். வேறு கேசட் நன்றாக ஓடுகிறதா பாருங்கள், அதுவும் மங்கினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. 2016இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியதோடு புது டெக் என்பதே இல்லை, அதனால் இருக்கிற டெக்கைக் குழந்தையைப் போலப் பாருங்கள்.

ஆனால் எதையும் போடும் முன் கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். ஐப்பசி அடைமழை முடிந்து பீரோவைத் திறந்தால் கறுப்புச் சுருள்மேல் விபூதி பூசியதுபோல் வெள்ளையாக இருக்கும், அது பூசணம். அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுகிற கேசட் எல்லாவற்றுக்கும் தொற்றும். நான் ஒரே சாயங்காலத்தில் நாலு கேசட்டுக்குப் பரப்பியிருக்கிறேன்.

வெளியே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கேசட்டைக் கவிழ்த்து ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். டேப் எந்த உருளை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சுருளின் விளிம்பில் படிந்ததைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, செல்போன் ரிப்பேர் கடையில் பயன்படுத்தும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பழைய கூட்டில் வைக்காமல் வேறு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றுங்கள். முதல் ஓட்டத்துக்கு, போனால் போகட்டும் என்று வைத்திருக்கும் டெக்கில் போட்டு, ஓடும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள், இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

லண்டனிலிருந்து கொண்டுவந்த டெக்கில் படம் வந்து சத்தம் வராவிட்டால் கேசட் மேல் பழி போடாதீர்கள். ஆன்டெனா ஒயர் வழியாக இணைத்திருப்பீர்கள். இரண்டு ஊரும் பால்தான், ஆனால் அங்கே சத்தம் படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், நம்மூர் டிவி 5.5இல் தேடும். மஞ்சள், வெள்ளை முனை உள்ள ஏவி கேபிளைச் செருகுங்கள், சத்தம் வந்துவிடும்.